கில்பெக்குக்குக் கேமராவோடு வா

அன்புள்ள பாப்பா,

செப்டம்பர் கடைசியில் வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அம்மா மாடி அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரே நினைப்புதான், உன்னைக் கில்பெக்குக்கு, இங்கிலாந்தின் ஹெரிபோர்டுஷயரில் இருக்கும் அந்தப் பழைய கிறிஸ்தவக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். கேமரா கொண்டு வரட்டுமா, மொபைல் போதுமா என்று கேட்டிருந்தாய். கேமராவையே கொண்டு வா. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸும் வேண்டும்.

சின்ன வயதில் அங்கே நாயும் முயலும் இருக்கும் கல்லைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாயே, நினைவிருக்கிறதா? காது தொங்கும் நாய், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு முயல். நேற்று பென்சிலால் வரைந்த மாதிரி இருக்கும் அதைச் செதுக்கியது 1140 வாக்கில். கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றி அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள் 85 மிஞ்சியிருக்கின்றன. சிவப்பு மணற்கல். அவ்வளவு சின்னக் கோயிலுக்கு இத்தனை முகங்கள்!

நான் முதல்முறை படமெடுக்கப் போனது ஒரு ஜூன் மாதம், நடுப்பகலில். நல்ல வெயில், படம் பளிச்சென்று வரும் என்று நம்பிப் போனேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால் கூரையின் நிழல் விழுந்து ஒரு முகமும் தெரியவில்லை. அண்ணாந்து எடுத்ததால் சுவர்கள் வேறு பின்னால் சாய்ந்திருந்தன. அந்தக் கற்களுக்கு மேகம் மூடிய நாள்தான் நல்லது. கல்லறைகளுக்கு நடுவே தள்ளி நின்று, லென்ஸால் கிட்டே இழுத்து எடு.

தெற்கு வாசலுக்கு மட்டும் வெயில் வேண்டும். செப்டம்பர் கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழும். காலை எட்டரை, ஒன்பது மணிக்கு வெளிச்சம் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். வாசலுக்கு எதிரே நின்றால் உன் இடது கைப் பக்கத் தூணில் இரண்டு வீரர்கள், ஒருவர் மேல் ஒருவராகக் கொடிகளுக்குள் சிக்கி நிற்பார்கள். கூம்புத் தொப்பி, காலோடு ஒட்டிய கால்சட்டை. அவர்கள் உடுப்பைப் பார். சீப்பால் வாரியது போல வரிவரியாகக் கீறியிருக்கிறான் சிற்பி. உச்சி வெயிலில் அந்த வரிகள் கண்ணுக்கே படாது. பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொன்றும் தனியாக எழுந்து நிற்கும். அதற்காகவே நான் எத்தனையோ காலை அங்கே போய்க் காத்திருந்திருக்கிறேன்.

மேற்குச் சுவரில் வாய் பிளந்து நாக்கைச் சுருட்டியிருக்கும் தலைகளை மாலையில் எடுக்கலாம். நம் ஊர் யாளியை அறிந்தவளுக்கு அவை அந்நியமாகத் தெரியாது. அப்புறம் பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஏறு. பழைய நார்மன் கோட்டையில் இரண்டு துண்டுச் சுவர்கள்தான் மிச்சம். அங்கிருந்து பார்த்தால் மாலை வெயிலில் கோயில் செக்கச்செவேலென்று இருக்கும். அழிந்துபோன பழைய ஊரின் மேடுபள்ளங்களும் புல்லுக்கடியில் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் படங்களில் எப்போதும் ஏதாவது ஒரு புதுக் கோணம் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே ஒவ்வொரு கல்லையும் நேராக, சாதாரணமாக ஒரு படமும் எடு. ஏன் என்று தெரிய நாம் ஷோப்டன் என்ற ஊருக்கும் போக வேண்டும். அங்கே இருந்த கோயிலும் இதே ஹெரிபோர்டுஷயர் சிற்ப மரபுதான். 1750-களில் அதை இடித்து, வளைவுகளை மட்டும் ஒரு குன்றின் மேல் அலங்காரத்துக்காக நிறுத்திவிட்டார்கள். கூரை கிடையாது. மழையும் பனியும் தின்று, உருவங்கள் கரைந்த சோப்பு மாதிரி இருக்கின்றன. ஜார்ஜ் லூயிஸ் என்பவர் பொறுமையாக வரைந்து 1852-ல் வெளியிட்ட படங்கள் இல்லாவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று சொல்வதே கஷ்டம். கில்பெக்கையும் அவர் பத்து வருடம் முன்னாலேயே வரைந்திருக்கிறார். அவர் தன் கோணம் எதையும் தேடவில்லை. இருந்ததை வரைந்து வைத்தார். அந்தக் குன்றில் நின்ற அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால்தான் 85 கற்களையும் வரிசையாக எடுக்க ஆரம்பித்தேன். வடக்குப் பக்கம் பாக்கி. புல் ஈரமாக, சரிவாக இருக்கிறது, என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நீ எடு. நான் நோட்டும் பேனாவுமாக ஓரமாக நின்று எண் குறித்துக்கொள்கிறேன். ட்ரைபாடு சுமந்து வராதே, என்னுடையதே இருக்கிறது. கோயிலுக்குள் வெளிச்சம் குறைவு, அங்கேயும் அது தேவைப்படும். உள்வளைவின் இருபுறமும் மூன்று மூன்று பேராக நிற்கும் இயேசுவின் சீடர்களில் சாவி வைத்திருப்பவர் பேதுரு. ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், ஆராதனை இருந்தால் இடைஞ்சல்.

உன் மகனையும் கூட்டி வா. நாயையும் முயலையும் அவனே கண்டுபிடிக்கட்டும், நீ காட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா