கூச்சம் வேறு, தனிமை விருப்பம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களின் கூச்ச சுபாவம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, கூச்சப்படுகிறவர்களுக்கு மனிதர்களோடு பழகவே பிடிக்காது என்றும், மனம் வைத்தால் அதை எளிதில் உதறிவிடலாம் என்றும் கூறியிருந்தது. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

கூச்சம் என்பது பிறர் முன்னிலையில் எழும் அச்சமும் தயக்கமும் ஆகும். பிறரோடு கூடியிருக்க விரும்புவது அதனினும் வேறான ஒரு நாட்டம். இவ்விரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்த ஜோனதன் சீக், ஆர்னால்டு பஸ் ஆகிய உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமற்ற ஒருவரோடு உரையாடுகையில் மிகவும் திணறியவர்கள், கூச்சமும் பழகும் ஆசையும் ஒருசேர மிகுந்தவர்களே. அவர்கள் குறைவாகப் பேசினார்கள், பார்வையை விலக்கிக்கொண்டார்கள், தம் உடலைத் தொட்டுத் தடவியபடியே இருந்தார்கள். பழகவே பிடிக்காதவருக்கு இந்தத் தவிப்பு ஏன் வரவேண்டும்?

ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது, தன் முறை நெருங்க நெருங்க ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது, நா வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, காதுமடல் வரை சூடேறுகிறது. முன்னால் பேசியவரின் பெயர்கூடக் காதில் விழுவதில்லை. ஆபத்தை எடைபோடும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி முடுக்கிவிட, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானே இயங்கும் பரிவு நரம்பு மண்டலம் ஆபத்தை எதிர்கொள்ள உடலைத் தயார்ப்படுத்துவதன் விளைவுகள் இவை. முகம் சிவப்பதை மனவுறுதியால் நிறுத்த எவராலும் முடியாது. இந்தத் தவிப்பால் ஒருவர் பேசாமல் ஒதுங்குவதைப் பார்த்துத் 'தலைக்கனம் பிடித்தவர்' என்று சொல்லிவிடுவது எத்தனை பெரிய அநியாயம்!

கார்ல் ஷ்வார்ட்ஸ், ஜெரோம் கேகன் உள்ளிட்டோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதிலேயே புதியவற்றைக் கண்டு ஒதுங்கும் இயல்புடையவர்கள் என்றும் அப்படி ஒதுங்காதவர்கள் என்றும் பதிவு செய்யப்பட்டிருந்த 22 பேரை, அவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது மூளை ஸ்கேன் செய்து பார்த்தது. பழகிய முகங்களைவிடப் புதிய முகங்களைக் கண்டபோது, ஒதுங்கும் இயல்புடையவர்களின் அமிக்டலா மற்றவர்களுடையதைக் காட்டிலும் கூடுதலாகத் தூண்டப்பட்டது. ஆய்வு சிறியதுதான், ஆயினும் குழந்தைப்பருவ இயல்பின் தடம் வளர்ந்தவரின் மூளையிலும் தென்படுகிறது என்பதைப் புறக்கணிக்க இயலாது.

இதனால் கூச்சம் மாற்ற முடியாத தலையெழுத்து என்று பொருளில்லை. ஒதுங்கிய குழந்தைகளில் பலர் வளர்ந்தபின் இயல்பாகப் பழகுகிறார்கள். நோய் என்னும் அளவுக்கு முற்றிய சமூக அச்சத்திலும், 2002-இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வொன்றில், ஒன்பது வாரச் சிகிச்சையால் நலம் கண்டவர்களுக்கு மேடைப்பேச்சின்போது அமிக்டலாவின் எழுச்சி தணிந்திருந்தது. மாத்திரை உட்கொண்டவர்களிடமும், மருந்தின்றி மனப்பயிற்சி பெற்றவர்களிடமும் அப்படியே.

எனவே, எந்த நிலையில் கூச்சம் வெறும் சுபாவம், எந்த நிலையில் அதற்கு மருத்துவ உதவி தேவை என்பதை விளக்கி, மனநல மருத்துவர் ஒருவரின் கட்டுரையைத் தாங்கள் விரைவில் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்