தானாகத் திறக்கும் கதவு: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

மட்டி ஓட்டில் இருக்கும் பிணைச்சலும் நீங்கள் கதவுக்குப் பூட்டும் பிணைச்சலும் ஒன்றுதான் என்றீர்கள். வாழ்நாள் முழுவதும் மரவேலை செய்தவரோடு இதில் வாதாடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் விட மனமில்லை.

உங்கள் பிணைச்சல் தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். அதற்கெனச் சொந்த விருப்பம் கிடையாது. மட்டியினுடையது எந்நேரமும் திறக்கவே பார்க்கிறது. முதுகுப் பக்கத்தில் இரண்டு ஓடுகளையும் சேர்த்துப் பிடிக்கும் கபில நிறப் பட்டையைக் கண்டிருப்பீர்கள். அது தசையல்ல, மீளும் தன்மையுள்ள புரதம். ஓடு மூடும்போது பட்டையின் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நசுங்கும். இரண்டும் சேர்ந்து ஓட்டை மறுபடி திறக்கத் தள்ளும். மூடி வைப்பது மட்டுமே தசையின் வேலை. திறப்பதற்கென்று ஒரு தசையும் இல்லை.

பெரியம்மா கொதிநீரில் போட்டதும் மட்டி வாய் பிளப்பது அதனால்தான். வெந்த தசை ஓட்டைக் கைவிட்டதும் பட்டை வென்றுவிடுகிறது. நம் திருகோணமலை உப்புவெளிக் கரையில் ஒதுங்கும் ஓடுகள், பட்டை அறுந்து பிரியும் வரை, விரிந்தே கிடப்பதற்கும் காரணம் இதுதான். உயிரோடு மூடிக் கிடக்கும் மட்டி சும்மா கிடக்கவில்லை, பெரியப்பா, இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தசையின் ஒரு பகுதி சட்டென்று மூடும். இன்னொரு பகுதி மிகச் சொற்பச் செலவில் மணிக்கணக்காகப் பிடியை விடாது.

அடுத்து பற்கள். வெறும் ஓடு ஒன்றை எடுத்து, கூம்பிய முனைக்குக் கீழே உள்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நாம் சமைக்கும் மட்டி வகைகள் பலவற்றில் மூன்று சிறு மேடுகள் தட்டுப்படும். எதிர் ஓட்டில் அவை சென்று அமரும் பள்ளங்கள் இருக்கும். கடிக்க அல்ல, ஓடுகள் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க. ஒரு நண்டு வந்து மட்டியின் ஓட்டைத் திருகிப் பிளக்க முயலும்போதுதான் அவற்றின் அருமை தெரியும். ஆர்க்கா என்ற மட்டிக் குடும்பத்து வகைகளில் நேர்கோட்டில் ஏராளமான நுண்பற்கள். 1883இல் மெல்கியோர் நியூமயர் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் இந்தப் பல்லமைப்பை வைத்தே இருவோட்டு உயிரினங்களை வகைப்படுத்தினார். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் பற்கள் வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியே மறைந்தும் போயிருக்கின்றன. பல்லை மட்டும் நம்பி உறவு சொல்ல முடியாது.

நம் தம்பலகாமம் குடாவின் தட்டைச் சிப்பியையே பாருங்கள். ஆங்கிலேயர் காலத்தில் அதன் முத்துக்காக அரசாங்கம் குடாவைக் குத்தகைக்கு விட்டது. கோவாவில் அதன் ஓட்டைக் கண்ணாடிக்குப் பதிலாக யன்னலில் பொருத்தினார்கள். அதற்குப் பல்லே கிடையாது. உள்ளே தலைகீழ் ‘வி’ வடிவில் இரண்டு வரம்புகள், அவற்றைப் பற்றிய பட்டை, அவ்வளவுதான்.

பிராக்கியோபாட் என்றொரு கூட்டம் உண்டு. பார்வைக்கு மட்டி, உறவில் வேறு. அவற்றில் பிணைச்சல் உள்ளவற்றுக்குப் பற்கள் ஒரு ஓட்டில், குழிகள் மற்றதில். திறக்கவும் தசை, மூடவும் தசை. ஆகவே செத்த பிறகும் பெரும்பாலும் மூடியே கிடக்கும். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் அவற்றில் பெரும்பகுதி அழிந்தது. மட்டி இனம் அந்த அடியிலிருந்து மீண்டு பெருகியது. பிணைச்சல்தான் காப்பாற்றியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் 1980இல் கூல்ட், கலோவே என்ற தொல்லுயிர் ஆய்வாளர்கள் இருவரும் கணக்குப் பார்த்து, மட்டி இனம் பிராக்கியோபாட்களை மெல்ல மெல்ல விரட்டவில்லை, அந்தப் பேரழிவே நிலைமையை மாற்றியது என்று வாதிட்டார்கள். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

தம்பலகாமம் பக்கம் போனால் தட்டைச் சிப்பி ஒரு சோடி எடுத்து வையுங்கள். பட்டை அறுந்திருந்தாலும் பரவாயில்லை. வரம்பு உடையாமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் மகன்