பிசினும் பாதிப் பொருளே: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காந்தப்புலத்தில் நீளும் உலோகக்கலவையான டெர்ஃபினால்-டியின் துகள்களைப் பிசினில் பிணைத்த மாதிரிகளில் நீ ஆய்வைத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நானும் இப்போது அதே பொருளில்தான் மூழ்கியிருக்கிறேன்.

அத்தனை நல்ல உலோகக்கலவையை ஏன் தூளாக்கி எப்பாக்சிப் பிசினில் புதைத்து அதன் திரிபை, அதாவது நீளம் மாறும் விகிதத்தை, குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாய். 1842இல் இயற்பியலாளர் ஜூல், காந்தப்புலத்தில் வைத்த இரும்பில் கண்ட நீள மாற்றம் மிகச் சிறியது. நிக்கலில்கூட அது பத்து லட்சத்தில் சுமார் 40 பங்குதான். டெர்பியம், டிஸ்புரோசியம், இரும்பு சேர்ந்த இந்தக் கலவையோ அறை வெப்பநிலையிலேயே ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆனால் அமுக்கத்தை நன்கு தாங்கும் அது இழுவிசையில் எளிதில் உடைந்துவிடுகிறது. மேலும், மின்சாரம் கடத்துவதால், மாறும் காந்தப்புலத்தின் அதிர்வெண் உயர உயர, உலோகத்துக்குள் தூண்டப்படும் சுழல் மின்னோட்டங்கள் அந்தப் புலத்தை உள்ளே செல்லவிடாமல் தடுக்கின்றன. துகள்களைப் பிசின் சூழ்ந்து பிரிக்கும்போது அந்த மின்னோட்டத்தின் பாதை அறுபடுகிறது, பொருளை விரும்பிய வடிவில் வார்க்கவும் முடிகிறது.

இந்தப் பிசினை வெறும் பசையாகக் கருதாதே என்பதைத்தான் நான் உனக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துகள் நீளும்போது தன்னைச் சூழ்ந்த பிசினையும் நீட்டியாக வேண்டும். பிசின் மிக விறைப்பாக இருந்தால் அது நீட்சியைத் தடுக்கிறது, மிக மென்மையாக இருந்தாலோ துகளின் நீட்சி அந்த இடத்திலேயே தேய்ந்து, விசை முனைகளை எட்டுவதில்லை. கெட்டிப்படும்போது பிசின் சுருங்கித் துகள்களை அழுத்துவதும் கணக்கில் வர வேண்டும். அந்த உள் தகைவு, புலம் கொடுக்கும் முன்பே நீ வெளியிலிருந்து கொடுக்கும் முன்னழுத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. மிதமான முன்னழுத்தம் காந்தக் களங்களை (ஒரே திசையில் காந்தமான நுண்பகுதிகளை) அழுத்தத்திற்குச் செங்குத்தாகத் திருப்பி வைப்பதால், புலம் வந்ததும் அவை திரும்ப இடம் கிடைத்து, திரிபு கூடுகிறது. அழுத்தம் மிகுந்தால் அதே திருப்பம் தடைபடும்.

பிசின் இறுகும்போதே காந்தப்புலம் கொடுத்தால் துகள்கள் சங்கிலிகளாக அணிவகுக்கின்றன. அந்தத் திசையில் காந்த நீக்கப் புலம் (துகள்கள் தமக்குள்ளேயே உண்டாக்கும் எதிர்ப்புலம்) குறைகிறது, விறைப்பு கூடுகிறது, திரிபும் ஒழுங்கின்றிச் சிதறிய மாதிரியைவிடத் தெளிவாக உயர்கிறது. என் மதிப்பீட்டில், துகளின் அளவைக் கூட்டுவதைக் காட்டிலும் அவற்றை ஒழுங்குபடுத்துவதில் செலவிடும் உழைப்பே அதிகப் பலன் தரும்.

பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகத்தை ஒரே புலத்தில் அளந்து நிறுத்திவிடாதே. களங்கள் எளிதில் திரும்பும் நிலையில் பொருள் மென்மையாகவும், களங்கள் முழுதும் திரும்பிவிட்ட செறிவு நிலையில் விறைப்பாகவும் நடந்துகொள்வதால், புலத்தை மாற்றி மாற்றி அளந்தால்தான் அதன் இயல்பு விளங்கும்.

இன்னொன்று, உலோகக்கலவையின் அடர்த்தி பிசினைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு இருப்பதால், பிசின் இறுகுவதற்குள் துகள்கள் அடியில் படியலாம். மாதிரியின் இரு முனைகளையும் தனித்தனியே சோதித்துப் பார். வெற்றிடத்தில் காற்றுக் குமிழ்களை நீக்க மறவாதே. நுண்தூள் காற்றில் தீப்பற்றக்கூடியது, கவனமாகக் கையாளு.

முன்னழுத்தத்தோடு எடுத்த திரிபு வளைவுகள் கிடைத்தவுடன் எனக்கு அனுப்பு. என்னிடமுள்ளவற்றோடு ஒப்பிட்டு விரிவாக எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்