மருந்து வாங்காதே வசந்தி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்ததும், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைந்ததும் படித்துச் சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இனி உன் தோட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் பழகிய கை உனக்கு. அங்கே டேலியாவுக்கு வெயில் தேடுவாய். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் நிழல் தேட வேண்டும். மேலிருந்து கொண்டுவந்த தொட்டிகளைக் கிழக்குப் பக்கம் நகர்த்திவிடு. கத்திரி வெயில் முடியும்வரை பூக்காவிட்டாலும் உயிரோடு இருந்தால் போதும். விடியற்காலையில் வேர்வரை இறங்கத் தண்ணீர் விடு. மத்தியானம் இலை தொங்குகிறதே என்று பதறாதே. சாயங்காலமும் நிமிராவிட்டால்தான் தாகம். மண்மேல் சருகை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பு. தண்டை ஒட்டி வேண்டாம், அழுகிவிடும்.

பப்பாளியில் வெள்ளையாக அப்பியிருப்பதற்குக் கடைக்காரர் ஏதோ மருந்து சொன்னதாக எழுதியிருந்தாயே, வாங்கிவிடாதேடி. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய மாவுப்பூச்சியாகத்தான் இருக்கும். எங்கள் ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டையும் அது விடவில்லை. உடம்பெல்லாம் மெழுகு, மருந்து ஒட்டாது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியைத் தருவித்து விட்டார்கள். கொசுவைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று, குளவியாகி வெளியே வரும். அதற்குப் பிறகுதான் அடங்கியது. நீ மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

காலையில் ஓர் இலையைத் திருப்பிப் பார். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று விறுவிறுவென்று ஓடினால் அது மாவுப்பூச்சி இல்லை, அதைத் தின்கிற பொறிவண்டின் புழு. நசுக்கிவிடாதே. தண்டில் எறும்பு சாரை போனால் அதைத்தான் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். தண்டில் துணி சுற்றி, துணிமேல் கிரீஸ் தடவினால் ஏறாது.

சருகு போட்டால் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து கிளறி இறைக்கும், கத்தலும் தாங்காது. ஆனாலும் புழுவும் கரையானும் அதற்குத் தீனி. செம்போத்து வந்தால் உன் யோகம், நத்தைத் தொல்லை குறையும். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வை; தினமும் மாற்று, இல்லாவிட்டால் கொசு. பாம்பு வரும் என்று உன் மருமகள் பயப்படுவது நியாயம்தான், வீட்டுச் சுவர் ஓரம் மட்டும் சருகில்லாமல் பெருக்கி வை. ஓணானை விரட்டாதே என்றும் அவளிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் குண்டு மாம்பழத்தோடு வருகிறேன். பழைய துணி எடுத்து வை, கிரீஸ் நான் கொண்டுவருகிறேன்.

உன்,
சரோஜா