ஆண்டறிக்கை 2024–25: மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறார்?

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வேலையில் அமர்த்த உதவும் நம் கடலூர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். 'பிள்ளைகள்' என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். எல்லோரும் இருபதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கு மீசையே நரைத்துவிட்டது. இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், முதலில் நான்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது, டிசம்பர் தவிர. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவுக்குப் பந்தல்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது. விழா நடக்கவில்லை. கேட்காமலேயே முன்பணத்தைத் திருப்பித் தந்த பந்தல்காரருக்கு நன்றி.

முதலில் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு தம்பியைச் சேர்த்துவிட்டோம். புடவை மடித்தால் விளிம்பு விலகாது, அப்படி ஒரு கை. மேனேஜருக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்ப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எல்லோரும் கைதட்டி, வந்துவிட்டோம். இரண்டாவது மாதம் மேனேஜர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். அதன் பிறகு கடையில் யாரும் தம்பியைத் திட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒருநாள் டீ எண்ணி வாங்கியதில் அவர் கணக்கிலேயே இல்லை. காலையில் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார், அப்புறம் நின்றுவிட்டார். முதலாளியைக் கேட்டால், "அவர் மேல ஒரு குறையும் இல்லீங்க, அவராத்தான் நின்னுட்டாரு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கடை முழுக்க ஒரே ஒருவரோடு மட்டும் பழக்கிவிட்டு வந்தது எங்கள் தவறு. போட்டோவை இன்னும் யாரும் அழிக்கவில்லை.

அதிலிருந்து நேரில் போய்ப் பார்க்கும் படிவத்தை மாற்றிவிட்டோம். முன்பு சம்பளம், வேலை நேரம், விடுப்பு என்றுதான் கேட்போம். இப்போது முதல் கேள்வி, 'மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறார்?' பதிலில் குறைந்தது இரண்டு பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே திரும்பப் போகிறோம்.

பண்ருட்டி முந்திரிக் கம்பெனியில் சேர்ந்த பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலை, பருப்பைத் தரம் பிரிப்பது. முந்திரியில் 180, 210, 240, 320 என்று ரகங்கள் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண், ஆகவே எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். இந்தப் பெண்ணுக்கு எண் பிடிபடாது. நம் தன்னார்வலர் கலர் அட்டைகள் செய்துகொண்டு போய் மூன்று வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வேலை அரைகுறையாக நகர்ந்தது. ஷெட்டில் இருந்தவர்களோ எதுவானாலும் தன்னார்வலரிடம்தான் சொன்னார்கள், அந்தப் பெண்ணிடம் இல்லை.

பிறகு தன்னார்வலர் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. அடுத்த பலகையில் இருந்த அக்கா தன் மணையை நகர்த்திப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு சில்வர் தட்டின் நாலு பக்கமும் ஒவ்வொரு பருப்பை வைத்து, "இது அப்பா, இது அம்மா, இது நீ, இது உன் தங்கச்சி" என்றிருக்கிறார். அவ்வளவுதான். இப்போது ஷெட்டில் எல்லோருமே "அம்மா டின்னு ரொம்பிடுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். கலர் அட்டைகள் பையிலேயே இருக்கின்றன.

வெளியிலிருந்து ஒருவரை அனுப்பிப் பக்கத்தில் நிற்கவைப்பதைவிட, அங்கேயே வேலை பார்ப்பவர்களின் துணைதான் இயல்பானது என்று 1988-லேயே அமெரிக்காவில் ஜான் நிஸ்பெட், டேவிட் ஹாக்னர் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அது ஒரு காய்ச்சலில் தெரிந்தது.

மஞ்சக்குப்பம் அச்சகத்தில் காது கேளாத தம்பிக்கு இது இரண்டாவது ஆண்டு. கூப்பிட வேண்டுமானால் டியூப்லைட்டை அணைத்துப் போடுகிறார்கள். தாள் தீர்ந்தது, மை கொண்டு வா, மெஷினை நிறுத்து எல்லாவற்றுக்கும் அவர்களே கையால் ஒரு பாஷை வைத்திருக்கிறார்கள். மீசையை முறுக்கிக் காட்டினால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம். (முதலாளிக்கும் தெரியும்.) வெள்ளத்தின்போது ஆட்டோவில் மைக் வைத்து எச்சரித்துக்கொண்டு போனார்கள். தென்பெண்ணைக் கரையோரம் பாட்டியோடு இருக்கும் இந்தத் தம்பிக்கு எப்படிக் கேட்கும்? பாட்டிக்கும் காது மந்தம். பைண்டிங் பிரிவில் இருக்கும் அண்ணன் டிவிஎஸ் 50-இல் வந்து, ஜன்னல் வழியாக டார்ச் அடித்து எழுப்பி, இருவரையும் பள்ளிக்கூடத்து முகாமில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். எங்களுக்கு அது நாலு நாள் கழித்துத்தான் தெரியும்.

சட்டம் பற்றிப் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளும் 3 விழுக்காடு இடஒதுக்கீடும் இருந்தன. 2016 சட்டம் அதை 21 வகையாகவும் 4 விழுக்காடாகவும் ஆக்கியது. ஒதுக்கீடு அரசு வேலைக்கு. நம்மவர்கள் போகும் அச்சகத்திலும் ஷெட்டிலும் அதைக் காட்டி இடம் கேட்க முடியாது. அரசுத் தேர்வு எழுதக்கூடியவர்கள் கட்டாயம் எழுத வேண்டும், விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உதவுகிறோம்.

புதிதாகச் சேருபவரோடு முதல் இரண்டு வாரம் பஸ்ஸில் கூடப்போக ஆள் தேவை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை, ஆகவே செலவு பெரிதில்லை. காலை ஏழு மணிக்கு எழுந்து வர வேண்டும், அதுதான் சிரமம். பண்ருட்டித் தடத்துக்கு இருவர் குறைகிறார்கள். அந்த ஜவுளிக்கடைத் தம்பியும் வேறு இடம் கேட்டிருக்கிறார், இந்த முறை மூன்று பேரோடு பேசிவிட்டுத்தான் சேர்ப்போம்.

பெயர் கொடுக்க விரும்புபவர்களுக்கு வாசல் மேசையில் நோட்டு வைத்திருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்