எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் சொல்லுங்கள்: வேதத்தைப் போதிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களே, அருட்பணியாளர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,

“களவு செய்யாதிருப்பாயாக” என்ற கட்டளையை நீங்கள் விளக்கும்போதெல்லாம் ஒரு குறை என் மனத்தில் தட்டுப்பட்டு வந்திருக்கிறது. அதைப் பணிவோடு உங்கள்முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். யூதரும் சீர்திருத்தச் சபையாரில் பெரும்பாலோரும் எட்டாவதாகவும், கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஏழாவதாகவும் எண்ணுகிற இந்தக் கட்டளையைப் பற்றிய பிரசங்கங்களில், திருடுவது பாவம் என்பதும், மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு என்பதும் தவறாமல் சொல்லப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் வேதம் வைத்திருக்கிற படி, எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது, பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைப் பாருங்கள். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை இல்லையென்று மறுத்தவன், பலவந்தமாகப் பறித்துக்கொண்டவன், காணாமற்போனதைக் கண்டெடுத்து மறைத்துப் பொய்யாணையிட்டவன் ஆகியோருக்கான சட்டம் அது. இழந்தவன் அயலான்தான் என்றாலும், அச்செயல் கர்த்தருக்கு எதிரான துரோகம் என்றே அந்தப் பகுதி தொடங்குகிறது. ஆனால் கடவுளுக்கு எதிரான குற்றமாயிற்றே, அவரிடமே தீர்த்துக்கொள்ளலாம் என்று அது விட்டுவிடவில்லை: எடுத்த பொருளை முழுவதுமாகக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, உரியவனிடம் சேர்க்க வேண்டும், குற்றநிவாரண பலிக்கான ஆட்டுக்கடா அதன் பிறகுதான் பேசப்படுகிறது. உரியவன் இல்லை, வாங்கிக்கொள்ள அவனுடைய உறவினரும் இல்லை என்றால், அந்தத் தொகை ஆசாரியனைச் சேரும் என்று எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. எப்படியும் அது திருடியவனின் கையில் தங்கக் கூடாது.

யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. திருடிய மிருகம் உயிரோடு அகப்பட்டால் இரட்டிப்பு. அதைக் கொன்றோ விற்றோ இருந்தால் ஒரு மாட்டுக்கு ஐந்து மாடுகள், ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடுகள். ஒளிந்து திருடுபவனுக்கு இரட்டிப்பு அபராதம் இருக்க, வெளிப்படையாகப் பறிக்கும் கொள்ளைக்காரனுக்கு ஏன் அது இல்லை என்று யூதரின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் ஒரு கேள்வி வருகிறது. கொள்ளைக்காரன் மனிதருக்கும் பயப்படவில்லை, கடவுளுக்கும் பயப்படவில்லை. திருடனோ மனிதரின் கண்ணுக்குப் பயந்து, கடவுளின் கண்ணைப் பொருட்படுத்தாமல் விட்டான் என்று யூத வேத ஆசிரியரான ரபி யோகனான் பென் சக்காய் விடை தருகிறார். களவு ஏன் கடவுளுக்கு எதிரான பாவம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

திருடன் என்றதும் இருட்டில் கன்னமிடுகிறவனையே நாம் நினைக்கிறோம். வேதமோ கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருப்பவனையும், பையில் இருவகைப் படிக்கல் வைத்திருப்பவனையும், எல்லைக்கல்லைத் தள்ளி வைப்பவனையும் கண்டிக்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் புதிய ஏற்பாட்டு நிருபத்தில் யாக்கோபு. மறுபக்கம், பசிக்காகத் திருடியவனை மக்கள் இகழ மாட்டார்கள் என்று நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் இரங்கிவிட்டு, பிடிபட்டால் அவனும் ஏழத்தனையாகக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த வசனத்திலேயே சொல்லிவிடுகிறது. இரக்கம் காட்டுவதால் கடன் தள்ளுபடியாவதில்லை.

இது பழைய ஏற்பாட்டுச் சட்டம், நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம் என்று உங்களில் சிலர் மறுமொழி சொல்லக்கூடும். இயேசுவின் அருகே சிலுவையில் அறையப்பட்டு அங்கே மனந்திரும்பியவன் எதைத் திருப்பிக் கொடுத்தான் என்றும் கேட்பீர்கள். (அவனை லூக்கா குற்றவாளி என்றுதான் சொல்கிறார், கள்ளர் என்ற சொல் மத்தேயுவிலும் மாற்குவிலும் வருகிறது.) அவன் கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன, கைகள் கட்டற்றிருக்கிற நமக்கு அவனை முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. திருப்பித் தர இயன்றும் தராதவனின் மனந்திரும்புதல் மெய்யானதன்று, வெறும் பாசாங்கு என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே சபைத் தந்தையான அகுஸ்தீன், மக்கெதோனியுஸ் என்ற ரோம அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் உரைத்திருக்கிறார். பவுலும், திருடினவன் இனித் திருடாமல் இருந்தால் போதும் என்று நிறுத்தவில்லை. தன் கைகளால் உழைத்து, இல்லாதவனுக்குக் கொடுக்கவும் வேண்டும் என்கிறார்.

திருப்பிக் கொடுப்பதைத் தாங்க முடியாத சுமையாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. திருடிய உத்தரத்தை வைத்து ஒருவன் மாளிகை கட்டிவிட்டால் என்ன செய்வது என்று ரபிகள் வாதிட்டார்கள். மாளிகையையே இடித்து உத்தரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றது ஷம்மாய் என்ற ஆசிரியரின் வழிவந்த பள்ளி. அதன் விலையைக் கொடுத்தால் போதும் என்றது ஹில்லேல் என்ற ஆசிரியரின் வழிவந்த பள்ளி. மனந்திரும்ப வருகிறவனுக்கு வழி அடைபட்டுவிடக் கூடாது என்பதே ஹில்லேல் பள்ளியின் நோக்கம். உங்களிடம் வந்து அழுகிறவரிடம், அது யாருடையது, எவ்வளவு, எப்படித் தவணையாகத் திருப்பித் தரலாம் என்று கேட்டு, தேவைப்பட்டால் உரியவரிடம் அவரோடு நீங்களும் கூடப் போகலாம். அடிமையான ஒநேசிமு பட்ட கடனை என் கணக்கில் வைத்துக்கொள் என்று அவனுடைய எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதினாரே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையைச் சொல்லும்போது, அவன் மரத்தில் ஏறியதையும் இயேசு அவன் வீட்டுக்குப் போனதையும் பிள்ளைகள் பாடி ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்ற அவனுடைய வார்த்தை பாட்டில் இடம்பெறுவதே இல்லை. லூக்கா 19ஆம் அதிகாரத்தில் அது 8ஆம் வசனம். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது 9ஆம் வசனம். அடுத்த முறை அந்தப் பகுதியை வாசிக்கும்போது, இரண்டையும் அதே வரிசையில், இடையில் எதையும் விடாமல் வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரசங்கங்களைத் தொடர்ந்து கேட்டுவரும் ஒரு வாசகன்