ஒற்றைக் கையால் ஷூ லேஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. விரல் இல்லாத கையோடு பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்த மனசு வரவில்லை, பள்ளி பேஸ்பால் அணியில் சேர்க்கவில்லை என்றாய். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா, கண்ணு?

உனக்கு ஜிம் ஆபட் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பாலில் பந்து எறிபவராக ஆடியவர், மிச்சிகனில் ஃபிளின்ட் ஊர்க்காரர். 1967ல் வலது கைப்பகுதி இல்லாமலே பிறந்தவர். சின்ன வயதில் கொக்கி வைத்த செயற்கைக் கையை மாட்டிவிட்டார்கள். பிடிக்காமல் கழற்றிப் போட்டுவிட்டார். செங்கல் சுவரில் பந்தை எறிந்து எறிந்து தானே ஒரு வழி கண்டுபிடித்தார். கிளவுஸை வலது மணிக்கட்டின் மேல் தாங்கிக்கொண்டு இடது கையால் எறிவார். எறிந்த கை அடுத்த நொடியே கிளவுஸுக்குள் போய்விடும். பந்து திரும்பி வந்தால் பிடித்து, கிளவுஸை வலது அக்குளில் இடுக்கி, கையை உருவி, பந்தை எடுத்து எறிவார். இவ்வளவும் கண் இமைப்பதற்குள். இவரால் முடியுமா என்று பார்க்கவே பந்தை இவர் பக்கம் மெல்லத் தட்டிவிட்ட அணிகள் உண்டு.

1993ல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருந்தார். கிளீவ்லேண்ட் அணி அடித்த அடியில், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் நாலாவதிலேயே வெளியே போனார். ஆறே நாள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, அதே அணிக்கு ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடித் தளம் சேரும் ஒரு அடிகூட, கொடுக்கவில்லை! அப்புறம் 1996ல், பந்து எறிபவராக இவர் கணக்கில் 2 வெற்றி, 18 தோல்வி. பேரனிடம் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்லு.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஆடப்போன ஊர்களில் எல்லாம், கையோ விரலோ இல்லாத பிள்ளைகளை அம்மா அப்பாக்கள் இவரிடம் கூட்டிவருவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அவர்களோடு நின்று பேசுவார். கடிதம் போட்ட பிள்ளைகளுக்குப் பதில் எழுதுவார். இவருக்கும் சின்ன வயதில் அப்படி ஒருவர் இருந்தார், பள்ளி ஆசிரியர். ஒரு கையை மடக்கி வைத்துக்கொண்டு ஷூ லேஸ் கட்டத் தானே முதலில் பழகி, அப்புறம் இவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

நானும் தினமும் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, வலது கையை மூடிக்கொண்டு கட்டிப் பார்க்கிறேன். முதல் முடிச்சு விழுகிறது. வளையம் போடும்போதுதான் நழுவுகிறது. டிசம்பரில் அங்கே வருவதற்குள் பழகிவிடுவேன். அவனுக்கு லேஸ் வைத்த ஷூவாகவே வாங்கி வை.

அன்புடன்,
அப்பா